திருத்தாத படங்கள்

எங்கள் ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் இருப்பது நான் பூசி மெழுகிய முகம். பருவோ தழும்போ கருவளையமோ, என் மவுஸுக்குத் தப்பாது. "நேர்ல இருக்கிறதைவிட நல்லாருக்கே!" என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

ஆலையில் வருடம் ஒரு புது அட்டை கேட்பார்கள் என்பதால் அக்கா வருடா வருடம் என் ஸ்டுடியோவுக்கு வருவாள்.

"டேய், வாய் ஓரம் வெடிச்சிருக்கு பாரு. அசிங்கமா இருக்கு, எடுத்துடு."

எடுத்தேன். மறு வருடம் உதடு வெளுத்திருந்தது. சிவப்பு ஏற்றினேன். அடுத்த வருடம் முகமே வெள்ளைக் காகிதம். கன்னத்துக்கு நிறம் கொடுத்து, முடி கொட்டிய நெற்றியையும் மூடினேன். நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டிகளை நறநறவென்று மென்றாள்.

"போன ஜென்மத்துல பென்குவினா பொறந்திருப்பே" என்றேன். அவளும் சிரித்தாள்.

நாலாவது படம் எடுத்த மாதமே, ஆலைப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"உடம்புல இரும்புச்சத்து சுத்தமா இல்ல. இருக்க வேண்டிய ரத்தத்துல கால் பங்குகூட இல்ல, இதயம் எவ்வளவு நாள் தாங்கும்?" என்றார் டாக்டரம்மா. "முகத்துலயே தெரிஞ்சிருக்குமே, வீட்டுல ஒருத்தரும் பாக்கலையா?"

நான் பார்த்தேன். பார்த்துப் பார்த்துத்தான் அழித்தேன்.

அத்தான் முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால், அக்கா மகள் என்னோடு வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் அக்காவின் திருத்தாத படங்கள் நாலும் அப்படியே கிடந்தன. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் தைரியமில்லை. பார்க்காவிட்டாலும் அவை என்னைப் பார்த்தன.

ஒரு மதியம் ஸ்டுடியோவுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நறநற. பேய் பிசாசையெல்லாம் நம்பாத ஆள் நான். ஆனாலும் எட்டிப் பார்க்காமல் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஒரு வாரம் இப்படியே கோழையாக ஓட்டினேன்.

எட்டாம் நாள் அக்கா மகள் கல்லூரி அட்டைக்குப் படம் எடுக்க வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு டம்ளர், அது நிறைய ஐஸ்.

திரையில் முகத்தைப் பெரிதாக்கினேன். வெளுத்த உதடு. வாய் ஓரத்தில் வெடிப்பு.

"அதை எடுத்துடுங்க மாமா. அம்மாவுக்கு எடுப்பீங்களே, அது மாதிரி."

என் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

"செருப்பை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்கென்ன கேடு? படம் என்னாச்சு?"

"இப்ப கெளம்புறியா இல்லையா?" என்று கத்தினேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் படத்தையும் அக்காவின் நாலு படங்களையும் திருத்தாமல் அச்சடித்து எடுத்துக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த அதே டாக்டரம்மா, "இரும்புச்சத்து கம்மிதான், ஐஸ் திங்கத் தோணுறதும் அதாலதான். பயப்படாதீங்க. மாத்திரை தர்றேன், மூணு மாசத்துல தேறிடுவா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு மேஜையில் நான் வைத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவின் முதல் படத்தில் கை நின்றது.

"இது எப்ப எடுத்தது?"

"சாகுறதுக்கு மூணு வருஷம் முன்னாடி."

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவங்களுக்கும் இதே மாத்திரைதான்."