பதினொன்றால் வகுபடும்

அக்காள் கணவரின் பரிசுப்பொருள் கடையில் பித்தளைத் தகடுகளில் பெயர் வெட்டுவது அவள் வேலை. புதுமணத் தம்பதிகளுக்கென்று அவர் யோசித்து வைத்த தகடு சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மேலே இருவர் பெயர், நடுவில் 1,00,00,001, அடியில் ஒரு வரி: ‘இந்த எண்ணை யாராலும் வகுக்க முடியாது, உங்களையும் யாராலும் பிரிக்க முடியாது.’

முப்பது தகடு வெட்டிய பிறகுதான், ஒரு மதியம், அதை ஓர் எண்ணாகப் பார்த்தாள். கல்லூரியில் கணக்கு படித்தவள். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினாள். இந்த வரிசையில் ஒன்று, அந்த வரிசையிலும் ஒன்று. இரண்டும் சமமென்றால் பதினொன்றால் வகுபடும். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வகுத்தே பார்த்துவிட்டாள். 9,09,091. மிச்சமில்லை.

முப்பது வீட்டுச் சுவர்களில் தன் கை வெட்டிய பொய்.

மாமா விசிட்டிங் கார்டின் முனையால் காது குடைந்துகொண்டிருந்தார்.

“மாமா, இந்த நம்பர் பதினொண்ணால வகுபடுது.”

“அதனால?”

“யாராலயும் வகுக்க முடியாதுன்னு போட்டிருக்கோமே.”

முனையில் ஒட்டியதை உற்றுப் பார்த்து, மேசை விளிம்பில் துடைத்தார். “கல்யாணம் ஆன ஜோடி எதும்மா உக்காந்து வகுத்துப் பாக்கப் போகுது?”

“நான் பாத்துட்டேனே.”

“நீயா வாங்கப் போற?” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

அன்று வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதற்கு மேலுள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 1,00,00,003 பதின்மூன்றிடம் மாட்டியது. 1,00,00,009 இருபத்துமூன்றிடம். 1,00,00,019 மட்டும் யாருக்கும் மசியவில்லை. மறுநாள் வந்த ஆர்டரில் அதையே வெட்டினாள்.

கணவனோடு வாங்க வந்த பெண் முகத்தைச் சுளித்தாள். “என் ஃப்ரெண்டோடதுல ரெண்டு பக்கமும் ஒண்ணு இருந்துச்சே?”

“அது பதினொண்ணால வகுபடும்மா. நெஜமா வகுபடாதது இதுதான்.”

பெண் கணவனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். “பரவால்லக்கா,” என்றாள் அந்தப் பெண். “பழைய நம்பரையே போட்டுக் குடுங்க. இது என்னமோ பஸ் நம்பர் மாதிரி இருக்கு.”

“அப்ப அடியில இருக்கற வரி?”

“அதுவும் இருக்கட்டும். நல்லாருக்கு.”

மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவரைவிட, பளிச்சென்று உடுத்தி நின்ற அந்த இருவரைப் பார்க்கத்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் புதுத் தகட்டை எடுத்து வெட்டினாள். எட்டு இலக்கமும் கோணாமல் விழுந்தன. அவர்கள் போனதும் கருவிகளைத் துடைத்து வைத்தாள்.

“நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க மாமா.”

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “ஏண்டி, ஒரு நம்பருக்காகவா அவர்கிட்ட மூஞ்சியக் காட்டிட்டு வந்த?”

“முப்பது தகடு தெரியாம வெட்டினேன்க்கா. இன்னிக்கு ஒண்ணு தெரிஞ்சே வெட்டிட்டேன்.”

அக்காவுக்குப் புரியவில்லை. தங்கை போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டை அப்படியே மூடி வைத்தாள்.