காதுத் தோலும் சுண்ணாம்புச் சுவரும்

மறுபடியும் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் ஒடிலியா மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். காலையிலிருந்து வந்த இறைச்சித் தட்டுகளில் இது நான்காவது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால் கிராமங்களில் பன்றி அடிப்பார்கள். மறுநாள் அந்த இறைச்சி வந்து, இந்த நாலு மாடிக் கட்டடத்தில் எல்லா அடுப்பிலும் கொழுப்பு பொரியும். அந்த வாசனை கர்ப்பிணியின் மூக்கில் ஏறிவிட்டால் அவளுக்கு ஒரு வாயாவது கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பிள்ளை தங்காது என்பார்கள். அதனால் கர்ப்பமாயிருந்த ஒடிலியாவைத் தேடி வரிசையாக வந்தார்கள்.

மேல்வீட்டு வேத்தாவின் கைத்தட்டில் ரத்தம் அடைத்த குடலும், வாட்டிய பன்றிக் காதுத் தோலும். தோலில் இரண்டு மயிர் கருகி ஒட்டியிருந்தது.

"இந்தா கண்ணு. என் கண் முன்னாடி ஒரு வாய் தின்னுடு."

"இப்பத்தான் மார்செலா அக்கா குடுத்தாங்க. அப்புறமா சாப்பிடறேனே அக்கா."

"அவ வீட்டுப் பன்னி கெழம்! நீ வேணாம்னு சொல்லி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஊரு என்னையில்ல பேசும்?"

ஏதாவது. போன வாரம் உள்ளாடையில் காசளவு ரத்தம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். கணவன் சோரினிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. வாசனைக் கதையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வாயைத் திறந்தாள். தோல் நாக்கில் வழுக்கியது. கன்னத்தில் ஒதுக்கப் பார்த்தாள். வேத்தா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடிலியா விழுங்கினாள்.

"அப்படித்தான்!" என்று எண்ணெய்க் கையால் வயிற்றைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேத்தா மாடியேறினாள்.

ஒடிலியா கழிவறையில் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். நான்காவது தட்டையும் பால்கனியில் மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்தாள். குளிரில் கொழுப்பு உறைந்து மெழுகாகியிருந்தது. இவ்வளவு பேரில் ஒருவராவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் சோரின் ஒரு பொட்டலத்தோடு வந்தான். அதன் அடியில் காகிதம் ஊறிப்போயிருந்தது.

"அம்மா குடுத்து விட்டாங்க. இன்னிக்கே தின்னணுமாம்."

"என்னால முடியாது."

"ஒரு வாய்தானே? அப்புறம் ஏதாவது ஆனா..."

"ஆகட்டும்."

 அவனை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள். கீழ்த்தளத்தில் போன மாதம் வெள்ளையடித்த சுவர். தினமும் கடைக்குப் போகும் சாக்கில் அங்கே நின்று சுண்ணாம்பு வாசனையை ஆசையாக இழுத்துவிட்டுத்தான் வருவாள், யாரிடமும் சொன்னதில்லை. இன்று நெற்றியைச் சாய்த்து, நாக்கை நீட்டி, சுவரைத் தொட்டாள். சில்லென்று, சுத்தமாக இருந்தது.

மேலே யாரோ கதவைத் திறந்தார்கள்; கொழுப்பு வாடை படிக்கட்டு வழியே இறங்கியது. பொட்டலத்தோடு சோரின் பாதிப் படியில் நின்றுவிட்டான். ஒடிலியா நாக்கை எடுக்கவில்லை.