வாசிப்பு: மிக நன்று

ஈர விரிப்பை இஸ்திரி உருளைக்குள் விடும்போது விரல்களை உள்ளே மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சூடு முதலில் தெரியாது. தெரியும்போது தோல் ஒட்டியிருக்கும். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் எட்டு வருடமாக உருளையடியில் நிற்கிறவளுக்கு வலது கையில் அப்படி இரண்டு தழும்புகள். அங்கே எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த விரிப்பில் ஓரத்துக்கு ஓரம் ஒரு நூல் பிசகாது.

விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள் நெட்டைக்காரி. இருவரும் எதிரெதிரே நின்று, இழுத்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். சேர்கிற அந்த ஒரு நொடியில்தான் பேச்செல்லாம்.

"என்ன இன்னிக்கு வாயே தொறக்கல?"

"சின்னவனுக்கு நேத்துலேருந்து காய்ச்சல்."

விலகினார்கள். அடுத்த விரிப்பு. மறுபடி சேர்ந்தார்கள்.

"யாரு பாத்துக்கிறா?"

"பெரியவதான். பள்ளிக்கூடம் போக வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

"அடிக்கடி நிறுத்துறியேக்கா."

"காய்ச்சல் புள்ளய காப்பகத்துல சேத்துக்க மாட்டேங்கிறாங்களே, நான் என்ன பண்றது? அவ கெட்டிக்காரி. ஒரு நாள் போகலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. போன வாரம்தான் ரிப்போர்ட் கார்டு குடுத்தாங்க. வாசிப்புக்கு நேரா 'மிக நன்று'ன்னு போட்டிருக்கு."

காலையில் ஐந்தரைக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. பெரியவளை எழுப்ப மனம் வரவில்லை. பத்து வயசுப் பிள்ளை, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, எந்த மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மருந்து பாட்டில்களுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். அவள் ஏழாவது வரை படித்தவள். கையெழுத்து கோணலாக இருந்தாலும் எழுத்துப் பிழை வராது.

பத்தரை மணிக்குக் கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துக் கத்தினார். கைப்பேசிகளை வேலை நேரத்தில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவசரம் என்றால் ஆபீஸ் நம்பருக்குத்தான் வரும்.

"மடிப்பக்கா! உங்க பக்கத்து வீட்டுத் தையக்காரம்மா லைன்ல இருக்காங்க. பையன் கண்ணு தொறக்க மாட்டேங்கிறானாம்."

*

மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சின்னவன் கையில் ஊசி ஏறியிருந்தது. அவன் படுத்திருந்த விரிப்பின் மூலையில் சலவைக்கூடத்தின் முத்திரை. தையல்காரம்மா அவள் தோளைப் பிடித்து, "உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க, பதறாத," என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா இரண்டு பாட்டில்களையும் தூக்கிக் காட்டினாள். "மஞ்ச மூடி காய்ச்சல் மருந்து. செவப்பு மூடி சளிக்கு. இது தூக்கம் வர்ற மருந்துமா, ராத்திரி கால் ஸ்பூன்தான். இத மூடி மூடியா ரெண்டு தடவ குடுத்திருக்கு. இன்னொரு தடவ குடுத்திருந்தா பையன நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மூணு வயசுப் புள்ளய ஒரு கொழந்தகிட்ட விட்டுட்டுப் போவீங்களா?"

"நான் தெளிவா எழுதி வச்சிட்டுத்தாம்மா போனேன்."

பெரியவள் பெஞ்சின் கோடியில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். குடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று தையல்காரம்மா சொன்னபோது பாட்டில்களோடு அந்தச் சீட்டையும் எடுத்து வந்திருந்தாள். இன்னும் கையில்தான் இருந்தது.

"சீட்டப் பாத்தியாடி?"

"பாத்தேம்மா."

"என்ன எழுதியிருந்துச்சு? படி."

பிள்ளை சீட்டை விரித்து விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற அதே உரத்த ராகத்தில் ஆரம்பித்தாள்.

"தம்பிக்கு வேளாவேளைக்கு மருந்து குடு. கதவத் தாப்பா போட்டுக்கோ. அடுப்புப் பக்கம் போகாத. யாரு கூப்பிட்டாலும் தொறக்காத. நான் சீக்கிரம் வந்துடுவேன்."

விரல் இரண்டாவது வரியின் முடிவுக்கு வந்து, போக இடமில்லாமல் நின்றது. சீட்டில் இருந்ததே இரண்டு வரி. மஞ்ச மூடி மருந்து மூணு வேளை ஒரு மூடி. செவப்பு மூடி மருந்தைத் தொடாதே. பிள்ளை படித்தது எதுவும் அதில் இல்லை. எல்லாம் அவள் தினமும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறது.

டாக்டரம்மா பாட்டில்களை மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மூன்று மணி வாக்கில் சின்னவன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

*

வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை எடுத்துத் தரையில் கொட்டினாள். ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைப் பிரித்து, "இதப் படி," என்றாள். பிள்ளை கடகடவென்று ஒப்பித்தாள். பக்கத்தின் மேலே இருந்த படத்தை அவள் கையால் மூடினாள். சத்தம் நின்றுவிட்டது. வேறு பக்கத்தைப் புரட்டிப் படத்தை மூடினாள். அங்கேயும் அதே கதை.

நோட்டில் எழுத்து மணிமணியாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் நட்சத்திரம்.

"இது யாரு எழுதினது?"

"நான்தாம்மா. போர்டுல இருக்கிறதப் பாத்து."

"என்ன எழுதியிருக்கன்னு தெரியுமா?"

"தெரியாது. அழகா இருக்குன்னு டீச்சர் ஸ்டார் போட்டாங்க."

முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. அடியை எதிர்பார்த்துத் தோளை ஏற்கெனவே குறுக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு அடுத்த அடிக்குக் கை எழும்பவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எத்தனை பேர் முன்னால் இப்படித் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருப்பாள்?

புருஷன் லாரியில் எங்கோ போய்க்கொண்டிருந்தான். ஃபோனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்ல இருந்துக்கிட்டு நீ என்னதான் பாத்த?" என்றான்.

"வீட்ல எங்க இருக்கேன்? ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்து விழுறேன். நீங்க ஒரு நாளாவது நோட்டத் தொறந்து பாத்திருக்கீங்களா?"

இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவன், "அதுக்குத்தான பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்," என்றான், பாதி தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

*

மறுநாள் காலையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒரே அறையில் நாலாம் வகுப்பு இந்தச் சுவரைப் பார்த்தும் ஐந்தாம் வகுப்பு அந்தச் சுவரைப் பார்த்தும் உட்கார்ந்திருந்தன. இரண்டு கரும்பலகைக்கும் ஒரே டீச்சர். மாற்றலாகிப் போன இன்னொருத்தர் இடத்துக்கு வருடம் முழுக்க ஆள் வரவில்லை. டீச்சர் கைப்பேசியில் வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் ரிப்போர்ட் கார்டை மேசைமேல் வைத்தாள். "எம்பொண்ணுக்கு 'மருந்து'ன்னு எழுதிக் காமிச்சா படிக்கத் தெரியல டீச்சர். இதுல 'மிக நன்று'ன்னு இருக்கு. இத யாரு எழுதினது?"

டீச்சர் கார்டைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பிரித்து ஒரு வரியில் விரலை ஓட்டினாள். "நாப்பத்தோரு நாள் வரல. தம்பிக்குக் காய்ச்சல், தம்பிக்கு வயித்தால, அம்மாவுக்கு ரெட்டை ஷிப்டு. எல்லாம் நீங்க குடுத்த லீவ் லெட்டர்தான்."

நாற்பத்தொன்று என்று அவள் நினைக்கவில்லை. பத்தோ பதினைந்தோ என்றுதான் இருந்தாள்.

"சரி, அது என் தப்பு. ஆனா படிக்க வரலைன்னா வரலைன்னு எழுதியிருக்கலாம்ல? நான் முட்டாள் மாதிரி அதத் தூக்கி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் பெருமையடிச்சேன்."

"வரலைன்னு போட்டா ஒவ்வொரு புள்ளைக்கும் நாலு பக்கம் விளக்கம் எழுதணும். ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. அத எழுதிக்கிட்டு உக்காந்தா பாடம் யாரு நடத்துறது?"

"இப்ப மட்டும் யாரு நடத்துறா?"

கோபப்படுவாள் என்று நினைத்தாள். டீச்சர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சாவது சொல்லிக் குடுங்க டீச்சர்."

அந்நேரம் உள்ளே வந்த தலைமையாசிரியருக்கு அது காதில் விழுந்துவிட்டது. "அதெல்லாம் சட்டத்துல இடமில்லம்மா. உங்க பொண்ணு நாலு வகுப்பு தேறியாச்சு. தேறின புள்ளய எறக்க முடியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் ஒரு மணி நேரம் சின்னப் பசங்களோட உக்காரட்டும். நான் சொல்லிக்கிறேன். வெளிய பேசாதீங்க."

*

சூப்பர்வைசரிடம் கேட்டு மத்தியான ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். "மாத்தித் தர்றேன். அப்புறம் ரெட்டை ஷிப்டு வேணும்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார். சரி என்று தலையாட்டினாள். அவள் திரும்பும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தையல்காரம்மா ஒத்துக்கொண்டாள். காலையில் ஆறிலிருந்து எட்டரை வரை பிள்ளையோடு உட்கார்ந்தாள். சின்னவன் குறுக்கே விழுந்து பென்சிலைப் பிடுங்குவான். அவனை ஒரு காலால் அணைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

முதல் வாரம் யுத்தமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு எழுத்தை வரையத் தெரியும், எல்லா எழுத்தையும் அச்சுப் போல வரைவாள். எந்தச் சத்தம் எந்த எழுத்து என்பது மட்டும் தெரியாது. 'ழ'வைக் காட்டினால் அம்மா முகத்தைப் பார்ப்பாள், உதடு எப்படி அசைகிறது என்று. அதனால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுத்தைக் காட்டப் பழகினாள்.

மத்தியானங்களில் பெரியவள் ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர்கள் 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

நாலாவது வாரம் கடைத்தெருவில் போகும்போது பிள்ளை ஒரு பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆட்கள் வழிவிடச் சொல்லித் திட்டிக்கொண்டே போனார்கள். அசையவில்லை.

"ப... பல்... பல் ம-ரு-ந்... மருந்துவர்."

"மருத்துவர்டி."

"மருத்துவர். பல் மருத்துவர்! அங்க பல்லு படம் ஒண்ணும் இல்லியேம்மா, நானேதான படிச்சேன்?"

"நீயேதான் படிச்ச."

அன்று ரெட்டை ஷிப்டு பார்த்த நெட்டைக்காரியிடம் அவள் அதைச் சொன்னாள். விரிப்பு சேர்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு விரிப்பு வரைக்கும் நீட்டிச் சொன்னாள்.

*

அதற்கு மறுவாரம் ஒரு நாள், வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துப் பின்சந்தில் நுழைந்தாள். அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் பாதி இடிந்து இடுப்பளவுதான் நிற்கும். முன்வாசலில் இரண்டு கார்கள் நிற்பதைப் பார்த்திருந்தாள். உள்ளே ஐந்தாம் வகுப்பு ஒரே குரலில் பாடம் படித்துக்கொண்டிருந்தது. தன் பிள்ளையின் குரல் அதில் கேட்கிறதா என்று நடையைத் தளர்த்தினாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வரிசை, பதினோரு பேர். எல்லோரும் வாய்மேல் விரல் வைத்திருந்தார்கள். பெரியவள் முன்வரிசையில் மூன்றாவதாக இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண் மட்டும் விரிந்தது. விரலை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மா கையில் ஒரு தாளோடு நிழலோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? எதுக்கு வெயில் நேரத்துல வெளிய உக்கார வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசு தாயி. மேலேருந்து ஆபீசருங்க வந்திருக்காங்க. ஒவ்வொருத்தரா எழுப்பிப் படிக்கச் சொல்றாங்களாம். அவங்க போற வரைக்கும் படிக்க வராத இதுங்கள இங்க வச்சுக்கச் சொன்னாங்க."

"இவங்கள மட்டும் எப்படிப் பிரிச்சாங்க?"

"ஹெச்.எம். கேட்டாரு, டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. கார் வந்து நின்னதும் எழுதினதுதான். ஒரு நிமிஷம் ஆகல." பெருக்குகிறவள் தாளைச் சுவருக்கு மேலே நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீ பாரு, பதினொண்ணும் சரியா இருக்கா?"

டீச்சரின் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினோரு பெயர். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். சலவைக்கூடத்துச் சங்கு ஊதியது. அவள் நகரவில்லை.

உள்ளே பாடம் முடிந்தது. யாரோ கனத்த குரலில் பாராட்டிப் பேசினார்கள். பிறகு கைதட்டல், ஜன்னல் அதிர்கிற மாதிரி. அதைக் கேட்டுப் பின்வரிசைக் கடைசியில் இருந்த ஒரு குட்டிப்பெண் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் தானும் சந்தோஷமாகக் கைதட்ட ஆரம்பித்தாள். பெருக்குகிற அம்மா ஓடிப்போய் அந்த இரண்டு சின்னக் கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் புடவைக்குள் அமுக்கிக்கொண்டாள்.