மைக்கம்மாவின் சவாரி

மைக்கம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் ஓட்டுநர்கள். வாடகை வண்டி நிறுவனம் ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே வயர்லெஸ் மைக்கில் சவாரி பிரித்துக் கொடுத்தாள். எந்தப் பாலத்தில் நெரிசல், எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் சொன்னால் சொன்னதுதான். முதலாளிக்கே அவ்வளவு மரியாதை கிடையாது. ஆனால் ஓட்டுநர்கள் ஒருவரும் அவளை நேரில் பார்த்ததில்லை. இத்தனை அதிகாரமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நடக்கிறது என்பது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே போனால் கடைக்காரர் முதல் மருத்துவர் வரை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து "இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்பார்கள். மைக்கில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் அவளும் நாற்காலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அன்று காலை அத்தான் போன் செய்தார். நாளைக்கு என்றிருந்த அக்காவின் அறுவை சிகிச்சையை இன்று மதியத்துக்கே மாற்றிவிட்டார்களாம். தொண்டையில் கட்டி. உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அக்கா போனைப் பிடுங்கினாள். பாதிக் குரல்தான் வந்தது.

"போன்ல ஒண்ணும் பேச மாட்டேன். நேர்ல வா. உன் மூஞ்சியப் பாத்துதான் பேசணும்."

"வர்றேன்க்கா. அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

"இனிமே நம்ம சண்டையில எல்லாம் நீதான் ஜெயிப்ப, போ" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் வேன் ஒன்றைச் சேவை அமைப்பு ஒன்றிடம் கெஞ்சிக் கூத்தாடி நாளைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அதை இன்றைக்கு மாற்றச் சொல்லி அழைத்தாள்.

"மூணு நாள் முன்னாடியே சொல்லணுமேம்மா."

"எனக்கே இப்பத்தானே தெரியும்."

"சரி, கூட யார் வர்றாங்க?"

நாளைக்கு வருவதாக இருந்த பக்கத்து வீட்டம்மா இன்று ஊரில் இல்லை. யாரும் வரவில்லை என்றாள். துணை இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்றார்கள். பேருந்து அலுவலகத்தில் கேட்டாள். பேருந்தில் சாய்வுப் பலகை இருக்கிறது, ஆனால் அதன் பூட்டுக்குச் சாவி பணிமனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பலகையை யாரும் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

வேறு வழியில்லாமல் மைக்கை எடுத்தாள். தனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒரு சவாரி. சக்கர நாற்காலி. மருத்துவமனைக்குப் போகணும், அவசரம்."

ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லோரும் கப்சிப். நாற்காலியை மடக்க வேண்டும், நேரம் பிடிக்கும், இருக்கை கிழியும் என்று அவர்கள் மனக்கணக்குப் போடுவது அவளுக்குத் தெரியாதா? ஒருவர் சாப்பிடப் போகிறேன் என்றார். இன்னொருவருக்குத் திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை. கடைசியில் பாட்டுக்காரரைக் கூப்பிட்டாள். சவாரி இல்லாத நேரத்தில் மைக்கில் பழைய பாட்டுகளை எடுத்துவிடுகிறவர் அவர். அவருடைய வண்டியில் டிக்கி பெரியது. பக்கத்துத் தெருவில்தான் நின்றிருந்தார். அவள் சொல்லி எதையும் தட்டியதில்லை.

"மன்னிச்சுக்கோங்க மைக்கம்மா. டயர் பஞ்சர்."

சற்று முன்புதான் "வண்டி ரெடி, சவாரி குடுங்க" என்றவர். நாற்காலி என்றதும் பஞ்சராகும் டயர்கள் அவளுக்குப் புதிதில்லை. மற்ற நாட்களில், வேறு யாருக்காவது கேட்கும்போது, சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியைத் தேடியிருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. கோபம் தலைக்கேறியது, அதைவிட அவமானமாக இருந்தது. வேறு நிறுவனங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் இதே கதைதான். நேரம் கரைந்துகொண்டே போனது. திரும்பவும் மைக்கை எடுத்தாள்.

"அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறது நான்தான். எங்க அக்காவுக்கு ஆபரேஷன். அவ பேச்சு போறதுக்குள்ள நான் போகணும். யாராவது வாங்க" என்று சொல்லி வீட்டு முகவரியையும் கொடுத்தாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறேன் என்றார்கள், பிரேக் பிடிக்காதவர் உட்பட. முதலில் வந்து சேர்ந்தவர் பாட்டுக்காரர். நான்கு டயர்களும் நன்றாகத்தான் இருந்தன.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து தூக்கப் போனார்.

"தொடாதீங்க. நானே ஏறிக்குவேன். கதவ மட்டும் பிடிங்க."

ஏறி உட்கார்ந்துகொண்டு, எதை இழுத்து எதை அழுத்தினால் நாற்காலி மடங்கும் என்று சொன்னாள். மைக்கில் வழி சொல்லும் அதே குரல். அவர் அதே பணிவோடு செய்தார். வழியெல்லாம் அவர் பாடவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் பாலத்தைத் தவிர்க்கச் சொன்னபோது மட்டும் "சரிங்கம்மா" என்றார்.

மருத்துவமனை வாசலில் படிகள். நாற்காலிக்கான வழி பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி இருந்தது. "தள்ளட்டுமா?" என்று பாட்டுக்காரர் கேட்டார். அவள் தலையசைத்ததும் தள்ளிக்கொண்டு ஓடினார்.

அறுவை சிகிச்சை அறையின் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் அத்தான் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தாம்மா உள்ள கொண்டுபோனாங்க. கொஞ்சம் பொறுங்கன்னு எவ்வளவோ கேட்டேன். அதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "அக்கா ஏதாவது சொன்னாளா?"

"நீ வந்தாத்தான் பேசுவேன்னு காலைலேருந்து வாயே திறக்கல. எது கேட்டாலும் தலையாட்டல்தான்." அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவுகிட்ட போறப்ப மட்டும் என்னப் பக்கத்துல கூப்பிட்டா."

"என்ன சொன்னா அத்தான்?"

"'அவளுக்கு வண்டி கெடச்சுதா'ன்னு கேட்டா. அவ்வளவுதாம்மா."

பின்னால் நின்றிருந்த பாட்டுக்காரர் நாற்காலியின் பிடியிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். மைக்கம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.