விஜயராஜ் உத்தரவு கேட்டது

பொறுமைதான் பெரிய மனிதர்களின் முதல் இலக்கணம். இந்தப் பேருண்மையைக் காவலூர் விஜயராஜ், பி.எஸ்சி. இயற்பியல், இரண்டு வருஷமாகக் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி நிரூபித்து வந்தான்.

பெங்களூர் போய் வானியல் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவன் கனவு. முதல் வருஷம் விண்ணப்பத் தேதி வந்தபோது, அடித்தளம் பலப்பட வேண்டும் என்றான். அடுத்த வருஷம், மனம் பக்குவப்பட வேண்டும் என்றான். அடித்தளம் பலப்பட்டதோ இல்லையோ, கட்டிலின் கயிறு தளர்ந்தது.

"ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர ஆயிரம் வருஷம் ஆவுது. நான் ஒரு வருஷம் பொறுக்கக் கூடாதா?" என்பான்.

"அது கெளம்பி வந்துனு கீதுண்ணா," என்பாள் தங்கை சுவேதா. பிளஸ் டூ முடித்தவள். வாய் மட்டும் எம்.ஏ. "நீ இன்னும் லுங்கியே மாத்தல."

இந்த வருஷத்துக் கடைசித் தேதியும் வந்தது. மாலை ஐந்து மணி வரை கெடு. அன்று காலை விஜயராஜ் ஒரு முடிவோடு எழுந்தான்: அம்மனிடம் பூ கேட்டுவிடலாம். பூ கேட்பது மூடநம்பிக்கை என்று கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முழங்கி, டிபன் கேரியர் பரிசு வாங்கியவன் அவன். அந்தக் கேரியரில்தான் அப்பா கொல்லியில் உழப் போகும்போது சோறு கொண்டுபோகிறார்.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகத் தேக்கிலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பொறு என்று அர்த்தம். பூசாரிக்கு எதற்குச் சிரமம் என்று பொட்டலங்களை விஜயராஜே வீட்டில் கட்டிக்கொண்டான். நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாதே என்று சாட்சிக்குச் சுவேதாவையும் அழைத்துக்கொண்டு, மூன்று மணிக்குத்தான் கிளம்பினான்.

"இன்னாபா கேக்கணும்?" என்றார் பூசாரி குப்பன்.

"அப்ளிகேஷன் போடலாமா வாணாமானுங்க."

"அவ்ளோதானா? பொண்ணு விஷயம்னு நெனச்சேன்."

கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

விஜயராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா வாக்கு. நம்ம கையில இன்னா கீது," என்று தங்கையைப் பார்த்தான். முகத்தில் துக்கம் இருந்தது. கால் மட்டும் செருப்பை நோக்கித் துள்ளியது.

"இருப்பா," என்றார் குப்பன். எடுக்காத பொட்டலத்தையும் பிரித்து, இரண்டு பூவையும் கேட்டவன் கையில் கொடுப்பது அந்தக் கோயில் வழக்கம். ஒருமுறைகூடக் கேட்டிராத பகுத்தறிவாளனுக்கு அது தெரியாது.

"வாணாங்க, வூட்டாண்ட போயி நானே..."

குப்பன் பிரித்துவிட்டார். அதுவும் சிவப்பு அரளி.

சுவேதா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"வெள்ளப் பூ கெடைக்கலையாபா?" என்றார் குப்பன். கோயில் வாசலில் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

விஜயராஜுக்குக் காது மடல் எரிந்தது. "பயமா கீதுங்க," என்றான். "இப்ப ஊர்ல, பெரிய படிப்பு படிக்கப்போற புள்ளன்றாங்க. எழுதிப் போட்டு, கெடைக்கலனா இன்னா சொல்வாங்க?"

"அத ஆத்தாகிட்ட நேரா சொல்றதுக்கு இன்னா? அவ வாயால எதுக்குப் பொய் சொல்ல வெக்கிற?" என்று இரண்டு பூவையும் அவன் கையில் வைத்தார். வழக்கத்தை விட முடியாதே.

"பஸ்சு வருது, வா," என்றாள் சுவேதா. 'அண்ணா' காணாமல் போயிருந்தது. இருவரும் ஆலங்காயத்தில் இறங்கினார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் அவள் பாஸ்வேர்டு கேட்டாள். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். பக்கம் திறந்தது. பெயர், மதிப்பெண், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றியாகிவிட்டிருந்தது. நாற்பது நாளைக்கு முன்பே.

"அழுத்தறதுதான் பாக்கியா?"

"ஒரு நிமிஷம். வயிறு ஒரு மாதிரி கீது. வந்துட்றேன்."

விண்ணப்பம் நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. பொத்தானை அழுத்தியது சுவேதா. விஜயராஜ் அப்போது பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் இருந்தான்.