பின்வரிசைப் பயணி

"இன்னும் கொஞ்ச நேரத்துல இடது பக்கம் கடல் தெரிய ஆரம்பிக்கும்" என்று அவள் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"எங்களுக்கு இடதா, உங்களுக்கு இடதா? நீங்க எங்களைப் பாத்துல்ல நிக்கறீங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணைத் திறந்தார்கள். "உங்களுக்கு இடது சார். நான்தான் திரும்பி நிக்கிறேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

கேட்டவர் அவளுடைய அப்பா. அது யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

கடற்கரை ஊர்களுக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துப்போகிற கம்பெனியில் அவள் வழிகாட்டியாகச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. காலையில் கிளம்பி, துறைமுகம், கடைத்தெரு, கலங்கரை விளக்கம் என்று காட்டிக்கொண்டே போய், சாயங்காலம் கடலோரத்தில் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அப்பா அதை ஒருநாளும் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. அவர் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். கரண்ட் போனவர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். கரண்ட் வந்த பிறகு ஒருவரும் வந்து நன்றி சொன்னதில்லை. வேலை என்றால் ஒரே இடத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குவது என்று அவர் மனதில் ஊறிப்போயிருந்தது. "ஊர் சுத்தறதுக்குச் சம்பளமா? உன்னை யாரு திட்டறா சொல்லு" என்பார்.

போன வாரம் அவராகவே, "நானும் ஒருநாள் வர்றேன்" என்றார். அம்மா முழங்காலைக் காட்டி, "எனக்கு ஏறி இறங்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நடுவழியில சண்டை வந்தா எனக்கு ஃபோன் பண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் அவள் அவருக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தாள். அவர் மறுத்துவிட்டார்.

"நான் உன் அப்பன்னு தெரிஞ்சா எல்லாரும் மரியாதையா நடந்துக்குவாங்க. அப்புறம் நீ எப்படி வேலை பாக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் யாரோ, நீ யாரோ."

அப்படித்தான் அவர் பின்வரிசை ஜன்னலோரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு பருத்த மனிதருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

துறைமுகத்தில் படகுகள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. சிமென்ட் தரையில் மீன்களைக் கொட்டிக் குவித்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரம் படாமலிருக்க எல்லோரும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். எந்த மீன் ஆழத்தில் கிடக்கும், எது கரையோரம் வரும், ஏலம் விடுகிறவர் ஏன் அப்படி ஒரே மூச்சில் கத்துகிறார் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா கூட்டத்தின் பின்னால் நின்று, கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர்கள் இருவருக்கும் இடையே பேச்சென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. "சாப்டாச்சா?" "ஆச்சு." "மழை வருமா?" "வரும் போலிருக்கு." அவ்வளவுதான். மகள் இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை. அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. நடுவில் ஒருமுறை நாக்கு தடுமாறியது.

கடைத்தெருவில்தான் அவளுக்குத் திட்டு விழுந்தது.

கடலுக்கு இணையாக ஓடும் நீளமான சந்தை அது. சங்கு, பாசிமணி, கருவாடு, கோரைப்பாய், பிளாஸ்டிக் பொம்மை என்று எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். மீன் லாரிகள் வரும் நேரத்தில் பஸ்ஸை எடுக்காவிட்டால் தெருவே அடைத்துக்கொள்ளும். அவள் ஒவ்வொரு கடையாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டாள். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர், வாங்கின பையைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம்போட்டார்.

"இறக்கி விட்டதுமே ஏறு ஏறுன்னா எப்படிங்க? நாங்க என்ன ஆட்டு மந்தையா? விளம்பரத்துல மட்டும் சொர்க்கத்தைக் காட்டறீங்க!"

"மன்னிச்சுக்கோங்க சார். லாரி வந்துட்டா நாம வெளியவே போக முடியாது. அடுத்த ஊர்ல உங்களுக்கு நிதானமா நேரம் தர்றேன்."

"உங்க பேச்சை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கருவாட்டுக் கடை ஓரத்தில் நின்று அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இறுகியிருந்தது. மஞ்சள் தொப்பிக்காரர் நகர்ந்த பிறகு அவளைக் கடந்து போகும்போது, தெரியாதவர் போல எங்கேயோ பார்த்தபடி, "இப்பதான் மேடம், பாக்கறதுக்கு வேலை மாதிரி இருக்கு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லாரிகளின் ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் அவர் நன்றாகவே சாப்பிட்டார். இரும்புக் கடைக்காரரோடு உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனார். அவள் சமையல்காரரிடமும் டிரைவரிடமும் பேசிக்கொண்டிருந்ததால் அதற்குமேல் கவனிக்கவில்லை.

கலங்கரை விளக்கத்துக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இடது தோளை வலது கையால் பிசைந்துகொண்டிருந்தார். அவள் பின்வரிசைக்குப் போய்க் குனிந்தாள்.

"என்னப்பா பண்ணுது?"

அவர் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், யாருக்காவது கேட்டுவிட்டதா என்று.

"ஒண்ணும் பண்ணல. ஏசி காத்து நேரா பட்டுப் பிடிச்சுக்கிச்சு. அத்தனை படி எவன் ஏறுவான்? நான் கண்ணை மூடிட்டு இப்படியே கிடக்கறேன்."

"வேணும்னா நான் இங்கேயே..."

"பாவம், எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க பாரு. போ." பிறகு குரலை உயர்த்தி, "போயிட்டு வாங்க மேடம்" என்றார்.

அவள் தலைக்கு மேலிருந்த காற்றுத் துளையைத் திருப்பி மூடினாள். தண்ணீர் பாட்டிலைக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு இறங்கினாள்.

சுழன்று சுழன்று ஏறும் இரும்புப் படிகள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, எந்தத் திசையில் எந்த ஊர் இருக்கிறது, பாறைகள் எங்கே மறைந்திருக்கின்றன, படகுகள் எந்த வழியாகத் திரும்பும் என்று காட்டினாள். கீழே பஸ் தீப்பெட்டி போல நின்றிருந்தது. டிரைவர் அதன் நிழலில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார். மஞ்சள் தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லைங்க, இதுக்காகவாவது வரலாம்" என்றார். அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

இறங்கி வந்ததும் பஸ் வாசலில் நின்றபடி ஒவ்வொருவரையும் ஏற்றிவிட்டாள். ஒரு புதுத்தம்பதி படம் எடுத்துத்தரச் சொன்னார்கள். எடுத்துக்கொடுத்தாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள். மைக்கை எடுத்தபோது இரும்புக் கடைக்காரர் நடுவழியில் நின்றிருந்தார். உட்காரவில்லை.

"மேடம், கொஞ்சம் பின்னாடி வாங்களேன்."

அந்தக் குரலிலேயே ஏதோ இருந்தது. அவள் மைக்கைக் கையில் பிடித்தபடியே போனாள்.

அப்பா கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"சார்" என்றாள். கையைத் தொட்டாள். வெயில் பட்டுக்கொண்டிருந்த கை சூடாகத்தான் இருந்தது. "சார்... சார்."

கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. அவள் குரல் பஸ்ஸின் எல்லா மூலைகளிலும் கேட்டது. டிரைவர் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார். முன்னாலிருந்து மஞ்சள் தொப்பிக்காரர் கேட்டார்: "என்ன ஆச்சு? பெரியவர்கூட யாராவது வந்திருக்காங்களா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அவங்கதான்" என்றார் இரும்புக் கடைக்காரர். "அவரோட பொண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையில பஸ் கிளம்பினதுமே சொல்லிட்டாரும்மா. ‘அதோ நிக்குதே, என் பொண்ணு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னாரு."

அவருக்கு முன்சீட்டிலிருந்த ஒரு அம்மாள் மெதுவாகச் சொன்னாள், "எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாரு."

"எங்ககிட்டயும்" என்றான் புதுமாப்பிள்ளை.

பின்பாதி பஸ்ஸில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. காலையிலிருந்து அவர்கள் எல்லோரும் தெரியாததுபோல நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவருக்காக. மஞ்சள் தொப்பிக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் அவள். அதுவும் மைக்கில் கேட்டது. டிரைவர் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார்.

"டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். புதுமணப்பெண் எழுந்தாள். "நான் பல் டாக்டர்தான்... பாக்கறேன்." மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்தாள். பிறகு அவருடைய கையை மடியில் எடுத்து வைத்து, சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

ஊருக்குள்ளேயே ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. டிரைவர் பஸ்ஸை நேராக அதன் வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பல் டாக்டருக்குத் தெரிந்ததையே அவர்களும் சொன்னார்கள். மாரடைப்பு, தூக்கத்திலேயே போயிருப்பார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு ஃபோன் செய்து சொன்னாள். "அம்மாகிட்ட உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா."

பிறகு வெளியே வந்தாள். பஸ் இன்னும் நின்றிருந்தது. கடைசியாக இன்னொரு கடற்கரை பாக்கி. அவள் படியில் ஏறி, பழக்க தோஷத்தில், "இனிமே நாம போகவேண்டிய இடம்..." என்று தொடங்கினாள்.

"நீ போம்மா" என்றார் டிரைவர். இத்தனை வருடத்தில் அவர் அவளை ஒருமையில் அழைத்ததில்லை. "கம்பெனிக்கு நான் சொல்லிக்கறேன். இவங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கறது என் பொறுப்பு."

மஞ்சள் தொப்பிக்காரர் படி வரை வந்தார். ஏதோ சொல்ல நினைத்தார். "காலையில நான்..." என்றார்.

"அதுக்கென்ன சார்" என்றாள் அவள். "பத்திரமாப் போயிட்டு வாங்க."

வெயில் தாழ்ந்த பிறகு அண்ணன் கார் வந்து நின்றது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். கையில் ஒரு பை. மாற்றுச் சட்டை, மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க். மகளின் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"இவன் வழியெல்லாம் ஒரு ஹாரன் அடிக்கல. முன்னால போற வண்டிக்காரனைத் திட்டல. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

உள்ளே போய் வெகுநேரம் இருந்தாள். அவளை மட்டும் விட்டுவிட்டுப் பிள்ளைகள் இருவரும் நடையில் நின்றார்கள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேசினாள் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அண்ணன் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்யப் போனான். அம்மாவால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, கடலைப் பார்த்துப் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, மகள் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் பையும், இன்னும் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடமும் இருந்தன.

"மத்தியானம் ஃபோன் பண்ணினாரு" என்றாள் அம்மா.

"என்ன சொன்னாரு?"

"உன்னை யாரோ ஒரு தொப்பிக்காரன் திட்டிட்டானாம். ‘ஒரு வார்த்தை திருப்பிப் பேசல அவ. நானா இருந்தா தொப்பியைப் பறிச்சுக் கடல்ல போட்டிருப்பேன்’னாரு. திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னாரு. ஃபோனை வைக்க மனசே இல்ல."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது. அம்மா அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கெங்க போனீங்க, சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். துறைமுகம், ஏலம், கடைத்தெரு. எத்தனையோ தடவை சொன்னவைதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவைதான். இப்போது எது முன்னால், எது பின்னால் என்று குழம்பியது. "கருவாட்டுக் கடைகிட்ட நின்னுட்டிருந்தாரு" என்றாள். "துறைமுகத்துல நான் பேசறப்போ பின்னாடி நின்னு கேட்டுட்டிருந்தாரு." அம்மா "உம்" கொட்டிக்கொண்டே இருந்தாள்.

கையில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, உட்கார இடம் தேடினாள். மற்ற பெஞ்சுகளில் சாயங்காலக் கூட்டம் நிறைந்திருந்தது. இவர்களிடம் வந்து, நடுவிலிருந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இங்க யாராவது வர்றாங்களா?"

அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மகளின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லம்மா, யாரும் வரல" என்றாள். "உக்காருங்க."