முதல் புரவி

செம்மலை அம்பலத்துக்குத் தன் சித்தப்பா மகன் சேவுகன் மேல் இருந்த பொறாமை, கெட்டிக்காரச் செட்டியார் கையில் போட்டுவைத்த பணத்தைப் போல ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே வந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நல்ல சரக்கை யாரும் கடைவாசலில் பரப்பி வைப்பதில்லை அல்லவா?

நியாயப்படி பார்த்தால் பொறாமைப்பட அவருக்கு இடமே இல்லை. நாச்சியாபுரத்துக்கு மேற்கே இருந்த கீழப்பொய்கையில் எது முதலோ அது அவருக்குத்தான். கோயிலில் முதல் திருநீறு அவருக்கு. ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையது. அய்யனாருக்கு மண்குதிரை சுமந்து போகும் புரவியெடுப்பில், தலையில் பரிவட்டம் கட்டி முன்னால் நடப்பவர் அவர். அவர் வீட்டுப் புரவிக்குப் பின்னால்தான் மற்ற வீட்டுப் புரவிகள் வரும். மூத்த கிளையில் பிறந்தார், ஊர்த்தலைவரான அம்பலம் ஆனார். இளைய கிளையில் பிறந்த சேவுகன் பட்டாளத்துக்குப் போனான்.

வம்பு அங்கேதான் பிடித்தது. சேவுகன் ஒவ்வொரு தடவை விடுப்பில் வரும்போதும் ஒரு படி ஏறி வந்தான். சிப்பாயாகப் போனவன் நாயக் ஆனான், அவில்தார் ஆனான், ஜமேதார் ஆனான், கடைசியில் இடுப்பில் வாளோடு சுபேதாராக வந்து நின்றான். அம்பலத்துக்கு ஏது படி? பிறக்கும்போது அம்பலம், சாகும்போதும் அம்பலம். மூக்கின்மேல் விரல் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை.

ஜெர்மன் சண்டை வந்தது. சேவுகனைக் கப்பலேற்றி பஸ்ரா பக்கம் அனுப்பினார்கள். புறப்படுமுன் கோயிலில் சூடம் அணைத்து, அய்யனாருக்கு ஒரு புரவி எடுப்பதாக நேர்ந்துகொண்டு போனான். திரும்பி வரவில்லை. குண்டுபட்டுக் கிடந்த ஒரு சிப்பாயை இழுத்துவரப் போன இடத்தில் சுபேதாரும் விழுந்தார் என்று பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். உடம்பு அங்கேயே மணலுக்குள் போய்விட்டது.

துக்கத்தில் முதலில் அழுதவர் செம்மலைதான். பொய்யழுகை இல்லை, கூடவே வளர்ந்தவன். ஆனால் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது கூட்டம் கண்ணில் பட்டது. புதுவயல், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று நாலா பக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரிய அம்பலமான அவருடைய அப்பா செத்தபோது இதில் பாதி ஜனம் இல்லை. அழுகை அப்போதே காய்ந்துபோயிற்று.

அடுத்த மாதம் ஒரு துரை, செட்டியார் வீட்டு மோட்டாரில் துக்கம் கேட்க வந்தார். ஊர் எல்லையில் மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் அம்பலம் நின்றார். துரை பழத்தை வாங்கி டவாலி சேவகன் கையில் கொடுத்துவிட்டு, "சுபேதார் வீடு எங்கே?" என்று கேட்டார். வழி காட்டியதும் அம்பலம்தான்.

"செத்தும் என்னைய நிம்மதியா விடலையே இவன்" என்று அன்று சோற்றைப் பிசைந்தபடி முனகினார்.

அவர் மனைவி சோணையம்மாள் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அப்ப நீங்களும் பட்டாளத்துக்குப் போங்க. வேண்டாம்னா சொன்னேன்?" என்றாள்.

ஓராண்டு கழிந்து வைகாசியில் புரவியெடுப்புக்காக ஊர் கூடியது. சேவுகனின் பெண்சாதி நாகவல்லி, மகள் சிட்டாளோடு ஓரமாக வந்து நின்றாள்.

"எங்க வீட்டுப் புரவிக்கும் வேளார்கிட்டப் பிடிமண் குடுக்கணும்" என்றாள். ஒரு பிடி மண் கைக்கு வந்தால்தான் குயவரான வேளார் புரவி செய்யத் தொடங்குவார்.

அம்பலம் தொண்டையைச் செருமினார். "ஏத்தா, நல்லபடியாத் திரும்பி வந்தா எடுக்கிறேன்னுதானே நேர்ந்தான்? அவனே வரலையே. சரக்கு வந்து சேராம விலை எப்படிக் குடுக்கிறது? சாமி கேக்காது."

கூட்டம் முகம் சுளித்தது. நாகவல்லி சுளிக்கவில்லை.

"வந்தாத்தான் தருவேன்னு பேரம் பேசலை பெரியவுகளே. 'வந்தாலும் வராட்டியும் புரவி போயிரணும்'னு சொல்லிட்டுத்தான் கப்பலேறுனாக."

"அப்படிப் போடு! அந்தப் புரவிதான் இந்த வருசம் முதல்ல போகணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆமாம், ஆமாம் என்று பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன.

அம்பலத்துக்கு நெற்றி வேர்த்தது. மற்றதெல்லாம் போகட்டும்; முதல் புரவி போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பாட்டன், பூட்டன், செப்பேடு, ஊர் முறை என்று அடுக்கிக்கொண்டே போனார். இன்னும் அரை நாள் பேசத் தயாராகத்தான் இருந்தார்.

"முதல் புரவி பெரியவுக வீட்டுதாவே இருக்கட்டும். நாங்க பின்னாடி வாரோம்" என்று சொல்லிவிட்டு நாகவல்லி போய்விட்டாள்.

அம்பலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தைகூடப் பேரம் பேசாமல் சரக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் எந்த வியாபாரியும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அவர் சும்மா இருப்பாரா? வேளாரைக் கூப்பிட்டுத் தன் புரவியை சுபேதார் புரவியைவிட ஒரு சாண் உயரமாகச் செய்யச் சொன்னார். கழுத்தில் ஒரு மணி கூடுதல்.

எடுப்பு நாள் வந்தது. வேளார் பொட்டலில் புரவிகளுக்குக் கண் திறந்து, அம்பலத்தின் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவர் முன்னே நடக்க, மேளமும் நாயனமும் முழங்க, அவருடைய புரவி எழும்பியது. உயரம்தான், சந்தேகமே இல்லை.

இரண்டாவதாக சுபேதார் புரவி எழும்பியது. புரவிக்குத் தோள் கொடுத்தவன் கோயில் திடல்வரை இறக்கவும் கூடாது, ஆள் மாற்றவும் கூடாது என்பது அந்த ஊர் முறை. புரவியைச் சுமக்கும் முன்கம்பின் வலப்பக்கம் அந்த வீட்டு ஆண்பிள்ளையின் இடம். சேவுகனுக்கு மகன் இல்லை. பங்காளிகளில் மூத்தவர் அம்பலம். அவர்தான் பரிவட்டத்தோடு முன்னால் போகிறாரே. வேறு வழியில்லாமல் நாகவல்லியின் தம்பி நாகநாதன் அங்கே நின்றான்.

கண்மாய்க்கரை ஏறியதும் அம்பலம் ஏதோ குறைவதை உணர்ந்தார். மேளம் இருந்தது, கூட்டம் இல்லை. திரும்பிப் பார்த்தார். ஊர் மொத்தமும் சுபேதார் புரவியைச் சூழ்ந்து வந்துகொண்டிருந்தது. பெண்கள் குலவைகூட இடவில்லை. அத்தனை பேரும் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்கள். அவருடைய உயரமான புரவியைச் சுமந்தவர்களே தலையைத் திருப்பித் திருப்பி அதைத்தான் பார்த்தார்கள்.

அவரால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று பின்னால் நடந்தார்.

"தள்ளுங்க மச்சான். பங்காளி நான் இருக்கையில பொண்ணு வீட்டுக்காரவுக தோள் கொடுக்கிறதா?"

பங்காளி வந்து கேட்டால் மட்டும் இடம் விடுவது முறைதான்; நாகநாதன் விலகினான். பரிவட்டத்தோடு அம்பலம் முன்கம்புக்குத் தோள் கொடுத்தார்.

கூட்டம் பொங்கிவிட்டது. "அம்பலம்னா இதுல்ல அம்பலம்! தம்பிக்காகத் தன் புரவியையே விட்டுட்டு வந்துட்டாக!" அடக்கிவைத்திருந்த குலவை எல்லாம் ஒரேயடியாக எழுந்தது. ஊர்க் கண் மொத்தமும் அவர்மேல். ஆகா, என்ன சுகம்!

சுகம் ஆலமரத்தடிவரைதான் நீடித்தது. அப்புறம் பாரம் தெரிய ஆரம்பித்தது. கம்பு தோளெலும்பில் இறங்கியது. பரிவட்டம் நழுவிக் கண்ணை மறைத்தது. ஏற்றிவிடக் கை இல்லை. இறக்கவும் முடியாது, ஆள் மாற்றவும் முடியாது.

பக்கத்தில் நடந்துவந்த நாகவல்லி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள். "கேட்டீகன்னு முதல் புரவியைக் குடுத்தேன். இப்ப இதையும் எடுத்துக்கிட்டீகளா?"

"தோள்தானே ஆத்தா குடுத்தேன்..."

"ஊருக்கு வேணா அப்படிச் சொல்லுங்க. உங்க தம்பி லீவு முடிஞ்சு போறப்பல்லாம் என்ன சொல்லிப் பொருமுவாக தெரியுமா? 'நான் பட்டாளத்துல எந்தக் கோட்டையைப் பிடிச்சாலும் இந்த ஊர்ல ரெண்டாவது புரவிதான்டி. எங்கண்ணன் சும்மா நடந்து வந்தாலே ஊரு எந்திரிச்சு நிக்குது'ன்னு வயிறு எரிவாக. அதனாலதான் உங்ககிட்ட மல்லுக்கு நிக்கலை. ரெண்டாவதா நின்னே பழகுனவுக, இன்னைக்கு மட்டும் என்ன?"

அம்பலத்தால் நம்ப முடியவில்லை. சேவுகன் தன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறான்! இத்தனை காலமும் இப்படி ஒரு சொத்து தன் பேரில் கிடந்தது தெரியாமல் போயிற்றே! நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு அப்படியே அடைத்துக்கொண்டது. இனி இந்த உலகத்தில் தன்னைப் பார்த்து வயிறு எரிய ஒருவனும் இல்லை.

"டேய்!" என்று முன்னால் போன ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "நம்ம புரவியை அங்குட்டு ஓரமா நிப்பாட்டுங்கடா! சுபேதார் போகட்டும்!"

மேளம் தடுமாறி நின்று, பிறகு சுதாரித்துக்கொண்டு சுபேதார் புரவிக்கு முன்னால் வந்து முழங்கியது. கூட்டத்தில் இருந்த சோணையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா தெரியவில்லை.

சேவுகனின் புரவி முதலாவதாகப் போயிற்று. அதன் முன்கம்பில் செம்மலை அம்பலம் முதல் ஆளாகப் போனார்.

நாகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மாறவே மாட்டீக" என்றாள். கண்ணுக்குமேல் சரிந்திருந்த பரிவட்டத்தைக் கைநீட்டி ஏற்றிவிட்டாள். பரிவட்டத்தின் ஓரம் நனைந்திருந்தது.